அம்மாவுக்குத் திதி கொடுத்தால் நான் பொய்யன் ஆகிவிடுவேனா?

கேள்வி: வயது 29, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அம்மா இறந்து பத்து மாதம் ஆகிறது. அன்றைக்கும் அழவில்லை, இன்றுவரை அழவில்லை. நாலைந்து மாதத்துக்கு முன்னால் ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலைப் படித்தேன். அம்மா சாவுக்கு அழாதவனின் கதை, என்னைப் பற்றியே எழுதியது மாதிரி இருந்தது. அப்புறம் சாமி கும்பிட முடியவில்லை. வேலை, கல்யாணப் பேச்சு, சாப்பாடு எல்லாமே ஒன்றுதான், எதற்கும் அர்த்தம் இல்லை என்று தோன்றுகிறது. வருஷத் திதியை ராமேஸ்வரத்தில் வைத்துக் கொடு என்கிறாள் அக்கா. அம்மா பெரிய பக்தை எல்லாம் இல்லை, ஆனால் கடைசிக் காலத்தில் ராமேஸ்வரம் ராமேஸ்வரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம்பிக்கை இல்லாமல் போய்ச் செய்தால் அது பொய் இல்லையா? தலையே போகிற நிலையிலும் அந்த நாவலின் நாயகன் மெர்சோ பொய் சொல்லவில்லையே. முடியாது என்றதும் அக்கா, ‘நீயெல்லாம் மனுஷனா, அம்மா செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா’ என்று கேட்டுவிட்டாள். மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. இன்னொன்று, அம்மாவின் போனுக்கு இன்னமும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை. விடிகாலை மூன்று மணிக்கெல்லாம் தூக்கம் கலைந்துவிடுகிறது.

பதில்:

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். நம்பிக்கை இல்லாமல் திதி கொடுத்தால் அது பொய் ஆகாது. இதற்கு நான் சாட்சிக்குக் கூப்பிடுவது நீங்கள் துணைக்குப் பிடித்துவைத்திருக்கும் அதே மெர்சோவைத்தான். மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, அவர்களோடு உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் திரும்ப வாசிப்பது என் வழக்கம், ஏனென்றால் மனசு தளர்ந்திருக்கும்போது நமக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது எதுவோ அதை மட்டும்தான் புத்தகத்தில் பார்க்கிறோம், மீதி கண்ணில் படுவதே இல்லை. நீங்களும் அப்படித்தான் வாசித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து 1980இல் க்ரியா வெளியிட்ட புத்தகம்தானே உங்களிடம் இருப்பது? முதல் அத்தியாயத்தை மறுபடி எடுங்கள். மெர்சோவுக்குத் தந்தி வருகிறது, அல்ஜியர்ஸிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி மாரெங்கோவில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு பஸ் பிடித்துப் போகிறான். அங்கே இல்லத்தின் நிர்வாகி அவனிடம் ஒரு விஷயம் சொல்கிறார்: உங்கள் அம்மா தன்னை மத முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று கூட இருந்தவர்களிடம் அடிக்கடி சொல்லியிருக்கிறார், அதற்கான ஏற்பாட்டை நானே செய்துவிட்டேன், உங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன் என்று. மெர்சோ மனசுக்குள் நினைத்துக்கொள்கிறான், அம்மா நாத்திகர் இல்லை, ஆனால் உயிரோடு இருந்தவரைக்கும் மதத்தைப் பற்றி யோசித்ததே கிடையாது என்று. நினைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். நிர்வாகிக்கு நன்றி சொல்கிறான். மறுநாள் பாதிரியார் வருகிறார், சவ வண்டிக்குப் பின்னால் கொளுத்துகிற வெயிலில் முக்கால் மணி நேரம் நடந்து கிராமத்துத் தேவாலயத்துக்குப் போகிறான். எனக்கு நம்பிக்கை இல்லை, இந்தச் சடங்கில் கலந்துகொள்ள மாட்டேன் என்று அவன் எங்கேயும் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த ராமேஸ்வரம் வரியைப் படித்ததும் எனக்கு இந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்தது. பெரிய பக்தி ஒன்றும் இல்லாமல் இருந்த ஒரு அம்மா கடைசிக் காலத்தில் ஒன்றை ஆசைப்பட்டார், மகனுக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் ஆசை அம்மாவுடையது. மெர்சோவுக்கு அதில் குழப்பமே வரவில்லை. உங்களுக்கு வந்திருக்கிறது.

அப்படியானால் அவன் எதை மறுத்தான்? பிற்பாடு ஒரு கொலை செய்துவிட்டுக் கைதாகிறான் இல்லையா, அதற்குப் பிறகு இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, விசாரணை நீதிபதியின் அறை. அவர் அலமாரி டிராயரிலிருந்து ஒரு வெள்ளிச் சிலுவையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டி, கடவுளை நம்புகிறாயா என்று கேட்கிறார். இல்லை என்றதும் அந்த மனிதர் ஆடிப்போய்விடுகிறார். எல்லோரும் கடவுளை நம்புகிறார்கள், முகம் திருப்பிக்கொண்டவர்கள்கூட நம்புகிறார்கள், இதில் எனக்குச் சந்தேகம் வந்தால் என் வாழ்க்கைக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும், என் வாழ்க்கை அர்த்தமில்லாமல் போக வேண்டும் என்கிறாயா என்று கத்துகிறார். நம்பிக்கையும் அர்த்தமின்மையும் நேருக்கு நேர் மோதுகிற இடம் இந்த நாவலில் இதுதான் என்பேன், கூர்ந்து பார்த்தால் அங்கே பயந்துபோயிருப்பவர் நீதிபதி. தன் நம்பிக்கை நிற்பதற்கு ஒரு கைதியின் ஒப்புதல் அவருக்குத் தேவைப்படுகிறது. இரண்டாவது, கடைசி அத்தியாயத்தில் வரும் சிறைப் பாதிரியார். மூன்று முறை பார்க்க மறுத்தும் நாலாவது முறை தானே அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, உனக்காகப் பிரார்த்தனை செய்கிறேன் என்கிறார், மெர்சோ வெடித்துப்போய் அவர் அங்கியின் கழுத்தைப் பிடித்துவிடுகிறான். இரண்டு இடத்திலும் அவனிடம் கேட்கப்பட்டது, நம்புகிறேன் என்று உன் வாயால் சொல் என்பது. அதைத்தான் அவன் மறுத்தான்.

ராமேஸ்வரத்தில் என்ன கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அக்னி தீர்த்தக் கரையில் உட்கார்ந்தால் புரோகிதர் உங்கள் அம்மா பெயரைக் கேட்பார், பாட்டி பெயரை, முடிந்தால் பாட்டியின் மாமியார் பெயரை, தெரியாவிட்டால் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வீர்கள், எள்ளையும் தண்ணீரையும் கையில் ஊற்றி விடச் சொல்வார். கடவுள் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிறாயா, மறுபிறவியை நம்புகிறாயா என்று யாரும் உங்களிடம் கேட்கப் போவதில்லை. கேட்பதெல்லாம் பெயர்கள். அம்மா பெயரைச் சொல்வதில் என்ன பொய் இருக்கிறது? உங்கள் அக்காவும், நீங்கள் எழுதியிருக்கிறபடி, நம்பு என்று சொல்லவில்லை. அம்மா ஆசைப்பட்டார், போ என்கிறார். அக்காவை அந்த நீதிபதியின் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் மாரெங்கோ நிர்வாகியின் இடத்தில் நிற்கிறார்.

சரி, இப்போது கண்ணீருக்கு வருகிறேன், உங்களை அதிகமாகக் காயப்படுத்தியது அதுதான்.

காம்யு 1955இல் இந்த நாவலுக்கு எழுதிய ஒரு முன்னுரையில், பொய் என்பது இல்லாததைச் சொல்வது மட்டும் அல்ல, மனசு சம்பந்தப்பட்ட விஷயத்தில் உணர்வதைவிடக் கூட்டிச் சொல்வதும் பொய்தான், மெர்சோ அதைச் செய்ய மறுக்கிறான் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். மிகச் சரி. நான் இதோடு ஒன்றைச் சேர்ப்பேன், என்னிடம் வருகிறவர்களிடம் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்: உணர்வதைவிடக் குறைத்துச் சொல்வதும் பொய்தான். ‘எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, எல்லாம் ஒன்றுதான்’ என்று எழுதிவிட்டு, அதே கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், இறந்துபோன அம்மாவின் நம்பருக்கு மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்வதையும் எழுதியிருக்கிறீர்கள். பத்து மாதமாக அந்த நம்பரை இன்னொருவர் கைக்குப் போகாமல் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள், அதற்கு ஒன்றும் தோன்றாத மனசு போதாது.

நாவலிலும் இது இருக்கிறது, பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிற இடம். பக்கத்து வீட்டுக் கிழவர் சலமானோ, சொறி பிடித்த தன் நாயை நாள் முழுக்கத் திட்டி அடித்துக்கொண்டிருந்தவர், அது தொலைந்துபோன அன்று ராத்திரி தன் அறையில் கட்டிலுக்குப் போகிறார். சுவரைத் தாண்டி விநோதமான ஒரு சின்னச் சத்தம் வருகிறது, அவர் அழுகிறார் என்று மெர்சோவுக்குப் புரிகிறது. ஏனென்று தெரியவில்லை, அம்மா ஞாபகம் வந்தது என்கிறான். பசி இல்லை, சாப்பிடாமல் படுத்துவிடுகிறான். மொத்தமே நாலு வரி. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா இருந்தபோது சௌகரியமாக இருந்த வீடு இப்போது தனக்கு ரொம்பப் பெரிதாக இருக்கிறது, சாப்பாட்டு மேஜையைத் தன் அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த ஒரே அறையில்தான் இருக்கிறேன் என்றும் சொல்கிறான். அழாதவன் இல்லையா அவன்? வீட்டில் பாதியைப் பூட்டிவிட்டு ஒரே அறையில் வாழ்கிற அழாதவன். அவன் சொல்கிற ‘ஏனென்று தெரியவில்லை’யும் நீங்கள் எழுதியிருக்கும் ‘ஏன் என்று எனக்கே தெரியவில்லை’யும் ஒரே வாக்கியம் என்பதை நீங்கள் கவனிக்கவே இல்லை போலிருக்கிறது.

அழுகை துக்கத்தின் ஒரு வழி, ஒரே வழி அல்ல. அடக்கம் முடிந்து ஆறு மாதம் கழித்து பஸ்ஸில் யாரோ ஒரு பெண்மணியின் புடவை வாசனைக்கு உடைந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், கடைசிவரை அழாமல் வேறு விதமாகத் துக்கம் தீர்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வக்கீல் என்ன செய்தார்? அம்மா சவத்துக்குப் பக்கத்தில் பால் காப்பி குடித்தான், சிகரெட் பிடித்தான், மறுநாளே கடலுக்குக் குளிக்கப் போய் ஒரு பெண்ணோடு சினிமா பார்த்தான் என்று அடுக்கி, கொலைகாரனின் இதயத்தோடு அம்மாவைப் புதைத்தான் என்று முடித்தார். உங்கள் அக்கா கேட்டதும் கேட்பதற்கு அதே மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அந்த வக்கீலுக்கு அவன் அம்மா யாரோ. அக்காவுக்கும் அம்மா செத்துப் பத்து மாதம்தான் ஆகிறது. அவர் தனியாக அழுதிருக்கிறார், கூட அழ தம்பி இல்லை. அந்தக் கோபம்தான் அப்படி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன், இதை நீங்கள் அவரிடமே கேட்கலாம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். மெர்சோவை உண்மையின் தியாகி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அவன் பொய் சொல்லாதவன், சரி. ஆனால் பக்கத்து வீட்டு ரேமோன் தன் காதலியை வரவழைத்து அவமானப்படுத்த ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னபோது, எழுதாமல் இருக்கக் காரணம் ஒன்றும் தெரியாததால் எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். அந்தப் பெண் அடி வாங்குகிறாள், சத்தம் மாடிப்படி முழுக்கக் கேட்கிறது. அந்தக் கடிதத்தில் தொடங்கியதுதான் கடற்கரையில் ஒரு அரபு மனிதனின் சாவில் போய் நிற்கிறது, ஒரு குண்டு, அப்புறம் அசையாத உடம்பின் மேல் இன்னும் நாலு குண்டு. செத்தவனுக்கு நாவலில் பெயர்கூட இல்லை, வழக்கு விசாரணையும் அவனை மறந்துவிட்டு அம்மாவின் அடக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013இல், செத்தவனின் தம்பி பேசுவதாக ஒரு நாவலே எழுதினார், அந்தக் கோபம் நியாயமானது. ‘எனக்கு எல்லாம் ஒன்றுதான்’ என்பது சொல்கிறவனுக்கு வெறும் தத்துவமாக இருக்கலாம், அடி வேறு யார் மேலோ விழுகிறது. உங்கள் விஷயத்தில் அது அக்கா மேல் விழுந்திருக்கிறது.

இனி அர்த்தமின்மை. இதில்தான் நீங்கள் நாவலை விட்டு ரொம்ப தூரம் விலகிவிட்டீர்கள், இந்த இடத்தில் நான் வாசகியாகப் பேசவில்லை, தொழில்முறையில் பேசுகிறேன். மெர்சோவுக்கு உலகம் அர்த்தமில்லாதது, ஆனால் ருசியில்லாதது அல்ல. கடல் பிடிக்கும், காதலி மாரியின் சிரிப்பு பிடிக்கும், பால் காப்பி பிடிக்கும், ஆபீஸில் மதியம் கை துடைக்கிற துண்டு உலர்ந்திருப்பதுகூடப் பிடிக்கும், சாயங்காலத்துக்குள் அது நனைந்துவிடும் என்பது அவனுக்கு ஒரு குறை. இன்னொரு வாழ்க்கை இருந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று பாதிரியார் கேட்கும்போது, இந்த வாழ்க்கையை நினைத்துப் பார்க்க முடிகிற ஒன்றாக இருக்க வேண்டும் என்று கத்துகிறான். பாதிரியார் போன பிறகு தூங்கி எழுந்தால் முகத்தின் மேல் நட்சத்திரங்கள், மண்ணும் உப்புமாக இரவின் வாசனை, ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மாவை நினைக்கிறான், சாகப்போகிற வயதில் அம்மா ஏன் பெரெஸ் என்கிற கிழவரோடு காதலர்கள் மாதிரி இருந்தார் என்பது அப்போதுதான் புரிகிறது, எல்லாவற்றையும் திரும்ப வாழத் தயார் என்று தோன்றுகிறது. சந்தோஷமாக இருந்தேன், இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்கிறான். சாப்பாடும் ஒன்றுதான் என்று எழுதுகிற உங்களுக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் விவரித்திருப்பது வேறு. எதிலும் ஈடுபாடு இல்லை, சாப்பாட்டில் ருசி இல்லை, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, இது பல மாதமாக நடக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க இப்படி இருந்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்த்தாக வேண்டும் என்பதுதான் மருத்துவத்தில் கணக்கு. துக்கம் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் இறுகிப்போய் நிற்கும் ஒரு நிலையும் உண்டு, அதற்கும் சிகிச்சை இருக்கிறது. கடிதத்தை வைத்து உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்ல மாட்டேன், யாரும் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள், தைராய்டு, பி12 இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் எழுதித் தருவார், அதையும் செய்துவிடுங்கள். தனியாரிடம் போக வேண்டும் என்றில்லை, மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. புத்தகம் உங்களை இப்படி ஆக்கியதாக நான் நினைக்கவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த சோர்வுக்கு அது ஒரு கௌரவமான பெயரைக் கொடுத்துவிட்டது, அதனால் டாக்டரிடம் போகத் தோன்றவில்லை. தத்துவத்துக்கு யார் மாத்திரை சாப்பிடுவார்கள்?

நேராக ஒன்று கேட்கிறேன், கடிதத்தில் நீங்கள் சொல்லாத விஷயம். உயிரோடு இருக்க வேண்டாம் என்கிற நினைப்பு வருகிறதா? வந்தால், லேசாக வந்தாலும், மருத்துவரின் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். காம்யுவும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவில்லை. நாவல் வந்த அதே 1942இல் வெளியான ‘சிசிபஸின் புராணம்’ என்ற அவருடைய நூல் தற்கொலை பற்றிய கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறது, அர்த்தம் இல்லை என்பதிலிருந்து வாழ வேண்டாம் என்ற முடிவு கிடைக்காது என்று வாதிடத்தான் அவர் அதை எழுதினார். பதினேழு வயதில் காசநோய் வந்து, மேலே எத்தனை வருஷம் என்று தெரியாமல் இளமையைக் கழித்த மனிதர் அவர், வாழ்க்கையை எவ்வளவு பிடித்திருந்தால் அப்படி எழுதியிருப்பார் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

கடவுள் விஷயத்துக்கு என்னிடம் தீர்ப்பு கிடையாது, நம்புங்கள் என்றும் சொல்ல மாட்டேன், நம்பாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன், அது என் வேலை இல்லை. ஆனால் நாவல் ஒன்றைப் படித்துவிட்டோம், இனி கும்பிட வழியில்லை என்று கதவைச் சாத்திக்கொள்வதற்கு காம்யுவே ஆதாரம் ஆக மாட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டொமினிக்கன் துறவிகள் அழைத்து அவர்கள் மடத்தில் பேசியபோது, கிறிஸ்தவ உண்மை பொய் என்ற இடத்திலிருந்து நான் ஆரம்பிக்க மாட்டேன், என்னால் அதற்குள் நுழைய முடியவில்லை என்பது மட்டும்தான் உண்மை என்று சொன்னார். வாழ்க்கைக்கு அர்த்தத்தை மனிதன் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்கிற தத்துவத்தை இருத்தலியல் என்பார்கள், தன்னை இருத்தலியல்வாதி என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை. இருத்தலியலின் முன்னோடி என்று எல்லோரும் சொல்கிற டேனிஷ் தத்துவவாதி கீர்க்ககார்டோ ஆழமான விசுவாசி, அர்த்தம் பிடிபடாத அதே இருட்டிலிருந்து கடவுளை நோக்கிப் போனவர். நம்பிக்கை, அவநம்பிக்கை இரண்டுக்குமே அந்த இருட்டு வழிவிடுகிறது, நீங்கள் எந்தப் பக்கம் என்பதை இந்தப் பத்து மாதத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முடிந்தால், உடம்பும் தூக்கமும் கொஞ்சம் தேறிய பிறகு, 1947இல் வந்த ‘கொள்ளை நோய்’ நாவலையும் படியுங்கள். அதில் பனலூ என்று ஒரு பாதிரியார். ஓரான் நகரத்தில் பிளேக் பரவிய ஆரம்பத்தில் பிரசங்க மேடையில் நின்று, இது உங்களுக்கு வந்த தண்டனை என்று மக்களைப் பார்த்து முழங்குகிறார். அப்புறம் நோயாளிகளுக்கு நடுவில் வேலை செய்யப் போகிறார், ஒரு சிறுவன் துடிதுடித்துச் சாவதைக் கட்டில் ஓரத்தில் நின்று பார்க்கிறார், அதற்குப் பிறகு செய்யும் இரண்டாவது பிரசங்கத்தில் ‘நீங்கள்’ போய் ‘நாம்’ வந்துவிடுகிறது. பக்கத்திலேயே ரியூ என்கிற டாக்டர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், குழந்தைகள் சித்திரவதைப்படுகிற இந்தப் படைப்பைச் சாகும்வரை ஏற்க மாட்டேன் என்று பனலூவிடம் கோபப்படுகிறவர். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே வார்டில் வேலை செய்கிறார்கள், பிரார்த்தனைக்கும் நிந்தனைக்கும் அப்பால் ஏதோ ஒன்று நம்மைச் சேர்த்துவைக்கிறது என்று ரியூவே அவரிடம் சொல்கிறார். நம்புகிற அக்காவும் நம்பாத தம்பியும் சேர்ந்து ஒரு காரியம் செய்ய முடியுமா என்று கேட்டால், இந்த இரண்டு பேரைத்தான் நான் காட்டுவேன்.

அக்காவுக்கு நீங்களே முதலில் போன் செய்யுங்கள். வாதம் வேண்டாம், மன்னிப்பும் உடனே வேண்டாம், ரீசார்ஜ் விஷயத்தைச் சொல்லுங்கள், அது போதும், அவருக்குப் புரியும். திதியைப் பற்றிக் கேட்டால், நம்பிக்கை இல்லை, ஆனால் அம்மா ஆசைப்பட்டதால் வருகிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கரையில் உட்கார்ந்து செய்ய மனசு வரவில்லை என்றால் அக்காவோடு ராமேஸ்வரம் வரை போய்ப் பக்கத்தில் நில்லுங்கள், காரியத்தைச் சித்தப்பாவோ மாமாவோ செய்யட்டும். வருஷத் திதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதனால் இன்றைக்கே முடிவெடுக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் மட்டும் இந்த வாரமே போய்விடுங்கள், போகும்போது தூக்கம் எத்தனை மணிக்குக் கலைகிறது, என்ன சாப்பிட்டீர்கள் என்று நாலைந்து நாளைக்கு ஒரு தாளில் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள், அவருக்கு உபயோகமாக இருக்கும்.